காக்கா தேடுகிறார்

காக்கா என் கூடப்பிறந்த மூத்தவர். வீட்டில் தனியாகத் தொழுதால் எத்தனை ரக்அத் முடிந்தது என்பது அவருக்குத் தெரிவதில்லை. அஸரின் நான்கு சில நாள் ஆறாகும். சில நாள் இரண்டோடு ஸலாம் கொடுத்துவிடுவார். பள்ளியில் அந்தக் கவலை இல்லை. எண்ணுவது இமாமின் பொறுப்பு. முன் ஸஃப் குனிந்தால் குனிய வேண்டும், நிமிர்ந்தால் நிமிர வேண்டும். பக்கத்தில் நிற்கும் என் மகன் சொல்கிறான், "மாமா அங்க பிழையே விடுறல்ல உம்மா."

இரண்டு வருடத்துக்கு முன், இஷாவுக்குப் பிறகு ஒலுவில் துறைமுகத்திலிருந்து திரும்பும்போது பிரதான வீதியில் படுத்துக் கிடந்த கட்டாக்காலி மாட்டில் மோட்டார் சைக்கிளோடு போய் விழுந்தார். ஹெல்மெட் பெற்றோல் டாங்கின் மேல் இருந்தது. பொலிஸைக் கண்டால்தான் அது தலைக்கு ஏறும். எங்கள் கரையின் வழக்கம் அப்படி.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நான் படித்த முதல் சொல் கிளாஸ்கோ. 1974இல் அந்தப் பெயர் கொண்ட நகரத்தில் டீஸ்டேல், ஜெனட் என்ற இரண்டு டொக்டர்கள் வகுத்த அளவு அது. கண் திறக்கிறதா, பேச்சு வருகிறதா, கைகால் அசைகிறதா என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3 உண்டு. முழுப் புள்ளி 15. எட்டும் அதற்குக் கீழும் என்றால் கடுமையான காயம். காக்காவுக்கு 7. உம்மா யாஸீன் ஓதிக்கொண்டிருக்க, நான் பரீட்சைப் பெறுபேறு கேட்பவள்போல ஒவ்வொரு காலையும் நேர்ஸிடம் "இண்டைக்கு எத்தின?" என்று நின்றேன். 15 வந்த அன்று ஊரெல்லாம் போன் பண்ணினோம். 15 என்பது ஆள் விழித்ததற்கு மட்டும்தான் புள்ளி என்று அப்போது விளங்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது ஒரு வழக்குக் கிளம்பியது. எந்த வீட்டுக்கு? எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்த ஆம்பிளை பெண்சாதியின் வீட்டில்தான் இருப்பான். வீடு பெண்ணுக்கு, அதைக் கட்டிக்கொடுப்பது அவளுடைய வாப்பாவும் காக்காமாரும். உம்மா தன் மகனைத் தன்னோடு வைத்துக்கொள்ளக் கேட்டா. மச்சியின் உம்மாவுக்கு அது மானப் பிரச்சினை. இரண்டு பெரிய மனுசிகளும் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கடைசியில் இரவு அங்கே, பகல் இங்கே என்று முடிந்தது. இங்கே என்றால் என் வீடு. ஆழ்கடல் போட்டில் வாரக்கணக்காய்க் கிடந்து, தன் கலியாணத்தைத் தள்ளிப் போட்டு, காக்கா எனக்குக் கட்டித் தந்த வீடு. அந்த வீட்டின் சுவிட்ச் எது எங்கே என்று இப்போது அவருக்கு நான் காட்டுகிறேன்.

தழும்பை முடி மூடிவிட்டது. நடை நேராகிவிட்டது. பார்க்க வருபவர்கள் "மாஷா அல்லாஹ், பழைய ஆள்தான்" என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் வரும் நேரத்தில் அவரும் சிரிப்பார். போனதும் இரண்டு மணித்தியாலம் சுருண்டு கிடப்பார். மூளைக் களைப்பு, சோம்பலல்ல என்று டொக்டர் சொன்னார். மூளையின் முன்பகுதி அடிபட்டால் வேண்டாத சத்தத்தை ஒதுக்குவதும், வரும் கோபத்தைப் பிடித்து வைப்பதும் கஷ்டமாகிவிடுமாம். மிக்ஸியும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் இரைந்தால் காக்காவின் கையில் இருக்கும் கோப்பை சுவரில் உடையும். பிறகு, உடைத்தது யார் என்று கேட்பார். "இது நான் முடிச்ச ஆளில்ல" என்று மச்சி ஒருநாள் என் குசினியில் நின்று அழுதா. நான் சமாதானம் சொல்லவில்லை. அது பொய்யில்லையே.

மூளைக் காயம் என்றாலே எல்லாரும் சொல்லும் கதை பினியாஸ் கேஜுடையது. 1848இல் அமெரிக்காவில் ரெயில் பாதைக்குப் பாறை உடைக்கும்போது ஒரு மீற்றருக்கு மேல் நீளமான இரும்புக் கம்பி கன்னத்தால் புகுந்து உச்சியால் வெளியேறியது. ஆள் பிழைத்தார், குணம் மாறிவிட்டது என்று அங்கேயே கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு வேண்டியது மிச்சக் கதை. அவர் பிறகு சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடம் குதிரை வண்டி ஓட்டினார். அதே பாதை, அதே நேரம், அதே வேலை. அந்த ஒழுங்குதான் அவரை நிமிர்த்தியிருக்கும் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. காக்காவுக்கும் அப்படியோர் ஒழுங்கு வேண்டியிருந்தது. புனர்வாழ்வு வைத்தியசாலை ராகமையில், இங்கிருந்து ஓர் இரவு பஸ் தூரத்தில். ஐந்து வேளை பாங்கு எங்கள் மதிலுக்கு அப்பால். காக்காவின் நாளை அதில் கட்டினோம்: சுபஹுக்குப் பிறகு நடை, லுஹருக்கு முன் குளிப்பு, அஸருக்குப் பிறகு துறைமுகம்.

நான் விட்ட பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் ஆறு மாதமும் அவருக்காக நானே பேசினேன். சட்டைப் பொத்தானைப் பூட்டினேன், சோற்றைப் பிசைந்து வைத்தேன், ஒரு சொல் தடுக்கினால் அதை எடுத்துக் கொடுத்தேன். பாசம் என்றுதான் நினைத்தேன். அவசரமும் அதில் பாதி. ஒருநாள் வாப்பாவின் பழைய தோணியின் பெயரைச் சொல்ல வந்து நின்றுவிட்டார். நான் வாயைத் திறந்தேன். கையைத் தூக்கித் தடுத்தார். "செல்லாத புள்ள, நான் தேடுறன்." தேத்தண்ணி ஆறியது. பெயர் கிடைக்கவில்லை. மறுநாள் மத்தியானம் சோற்றுக்கு நடுவில் அந்தப் பெயரை மட்டும் சொன்னார்.

இப்போது வாடியில் வலை பொத்துகிறார். காலையில் என்ன சாப்பிட்டார் என்பது நினைவில்லாதவரின் விரல்கள் கண்ணியை மறக்கவில்லை. கை பழகிய வேலை மூளையில் வேறு இடத்தில் இருக்கிறதாம். எண்ணெய்க் கணக்கும் கடன் கொப்பியும் மட்டும் அவரிடம் கொடுப்பதில்லை. தண்டயல் கூலியை மச்சியின் கையில் கொடுக்கிறார். அதில் காக்காவுக்குக் கோபம். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது.

அஸருக்குப் பிறகு நானும் மகனும் அவரோடு துறைமுகக் கல்லணை வரை போவோம். டென்மார்க் கடனில் கட்டி 2013 செப்டெம்பரில் திறந்த துறைமுகம். வாயில் மணல் அடைத்துப் பெரிய போட்டுகள் வாழைச்சேனைக்கு ஓடின. வடக்குக் கரையைக் கடல் அரித்துத் தென்னைகளைக் கொண்டுபோனது. காக்காவும் அப்படி வாழைச்சேனைக்குப் போன ஆள். அது அவருக்கு நினைவில்லை. தினமும் கேட்பார், "வாய் தொறந்தாச்சா?" தினமும் சொல்வேன், "இல்ல காக்கா." ஒரே கேள்வியை நூறு தடவை கேட்கிறார் என்று நொந்துகொள்ளவும் முடியாது, பதிலும் மாறியதில்லை.

போன வியாழக்கிழமை அவர் கேட்கவில்லை. கல்லில் குந்தி, கண்ணுக்கு மேல் கையை வைத்து, நெடுநேரம் பார்த்தார்.

"அடச்சித்தான் கிடக்கு" என்றார்.

நேற்றுச் சொன்னது நினைவில் நின்றதா, இப்போது கண்ணால் கண்டதா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. மகன் சங்கு பொறுக்கிக்கொண்டிருந்தான். மஹ்ரிபுக்கு இன்னும் நேரமிருந்தது.