தமிழ்ப் பாடசாலைகளில் செயலிகளும் இணையத்தளங்களும்: ஆசிரியர்களின் நிலைப்பாடு

16 வயதுக்குட்பட்டோருக்கான சமூக ஊடகச் சட்டம் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தபின் சிட்னியிலும் மெல்பேர்னிலும் எமது வார இறுதிப் பாடசாலைகளில் எழுந்த வாதங்களை உறுப்பினர்கள் அறிவர். அவற்றை இங்கே மீண்டும் விரிக்கவில்லை. சட்டம் சொல்வது சுருக்கம்: அந்த வயதுப் பிள்ளைகள் யூடியூபில் கணக்கு வைத்திருக்க முடியாது. கணக்கின்றிக் காணொளி பார்ப்பதையோ, ஆசிரியர் தம் கணினியிலிருந்து வகுப்புக்குப் போட்டுக் காட்டுவதையோ அது தடுக்கவில்லை. கூகுள் கிளாஸ்ரூம் அந்தத் தடைக்குள் வரவேயில்லை. அப்படியிருக்க, “யூடியூப் போய்விட்டது, இனிச் செயலிதான்” என்று அவசரப்பட்டு, வாரத்தில் ஒரு மணித்தியாலத்தைக் கட்டணச் செயலியிடம் ஒப்படைக்கும் பிரேரணை, ஆசிரியர்களைக் கேளாமலே நிகழ்ச்சி நிரலில் ஏறியது. செயலிகளைக் கொள்கையளவில் நாம் எதிர்க்கவில்லை. வீட்டுப் பயிற்சிக்கும் ஆசிரியரின் ஆயத்தத்துக்கும் அவை உதவும். வகுப்பு நேரத்தில் மட்டும் அவற்றின் பயன்பாடு, இயன்றவரை, ஆசிரியர் இயக்கும் ஒரே திரையோடு நிற்க வேண்டும்.

வகுப்பு நேரம் என்பது எவ்வளவு? வாரத்தில் இரண்டு, மிஞ்சினால் மூன்று மணித்தியாலம். நான்கு தவணை, தவணைக்கு ஏறத்தாழப் பத்து வாரம் என்று கூட்டினால் ஆண்டுக்கு 80 முதல் 120 மணித்தியாலம். 2021 குடிசனக் கணக்கெடுப்பில் 95,000க்கு மேற்பட்டோர் வீட்டில் தமிழ் பேசுவதாகப் பதிவாகியிருக்கிறது; பெற்றோர் தமிழில் கேட்கப் பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வீடுகளும் அதற்குள் அடக்கம் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். குடும்பத்துக்கு வெளியே தமிழில் வாய் திறக்கப் பலருக்கு இருப்பது இந்த வகுப்பு ஒன்றுதான். ல, ள, ழ ஒலிகளைச் செயலி தெளிவாகக் கேட்கச் செய்யும். சரியான படத்தைத் தொட்டால் பச்சை காட்டும். பிள்ளையின் நாக்கு எங்கே மடிகிறது என்பதை அது பார்ப்பதில்லை. நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவது வேறு. எழுவாய் முதல் வினைமுற்றுவரை ஒரு வாக்கியத்தைத் தானே கட்டிச் சொல்வது வேறு. “அக்கா வந்தான்” என்று பிள்ளை தடுமாறும்போது, அதே கணத்தில், மனம் நோகாமல் திருத்த அருகில் ஓர் ஆள் வேண்டும். இன்னொன்றும் உண்டு. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மதுரை, கோவைப் பேச்சுகள் எமது வகுப்புகளில் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கின்றன. ஆசிரியர் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு எழுத்து வழக்கையும் சொல்லித் தருகிறார். ஒற்றை விடை மட்டும் பதிந்த வினாவிடைச் செயலியோ பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்த சொல்லுக்குச் சிவப்புக் காட்டுகிறது. அம்மம்மாவின் தமிழ் பிழையென்று கேட்பதற்கா நாம் சந்தா கட்ட வேண்டும்? நியூ சவுத் வேல்ஸ் எச்.எஸ்.சி.யிலும் விக்டோரியா வி.சி.இ.யிலும் தமிழுக்கு வாய்மொழித் தேர்வு இருக்கிறது. அங்கே தொடுவதற்குத் திரை கிடையாது.

பிள்ளைகளின் தரவு பற்றி ஒரு வார்த்தை. கொரோனாக் காலத்தில் 49 நாட்டு அரசுகள் பரிந்துரைத்த 164 கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், அவற்றில் 89 சதவீதம் பிள்ளைகளின் உரிமைகளை மீறும் அல்லது ஆபத்துக்குள்ளாக்கும் வகையில் தரவைக் கையாண்டதாக 2022இல் அறிவித்தது. அமைச்சும் அதிகாரிகளும் உள்ள அரசுகளே தவறவிட்டதைத் தொண்டர்களால் நடக்கும் ஒரு நிர்வாகக் குழு கண்டுபிடித்துவிடுமா? மறுபுறம், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், 2001இன் தமிழ் இணையக் கல்விக்கழகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் சேர்த்துவரும் ‘நூலகம்’ ஆகிய இணையத்தளங்களில் வாசிக்கப் பிள்ளை பெயரோ பிறந்த திகதியோ கொடுக்க வேண்டியதில்லை. இவற்றை ஆசிரியர்கள் இன்னும் கூடுதலாகப் பயன்படுத்தலாம் என்பதில் எம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை.

பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டுகிறது என்கிறார்கள் பிரேரணையை ஆதரிப்போர். உண்மைதான். ஆனால் விக்டோரியா அரசுப் பாடசாலைகள் 2020 முதலும், நியூ சவுத் வேல்ஸ் அரசு உயர்நிலைப் பாடசாலைகள் 2023 ஒக்டோபர் முதலும் கைப்பேசியை விலக்கி வைத்திருக்கின்றன. ஐந்து நாள் பறித்து வைத்ததை ஆறாம் நாள் நாமே கையில் கொடுப்பது என்ன கெட்டித்தனம்? முடக்கக் காலத்தில் இணையம்தானே எம்மைக் காப்பாற்றியது என்பது அடுத்த வாதம். காப்பாற்றியது, அப்போது ஸூமின் மறுமுனையில் ஆசிரியர் இருந்தார். ஆசிரியர் பற்றாக்குறை மெய்யானது, அதை மறைக்கவில்லை. சந்தாவுக்கு ஒதுக்கும் பணத்தைப் பயிற்சிக்கும், இங்கு பிறந்து வளர்ந்த முன்னாள் மாணவர்களை உதவி ஆசிரியர்களாக அழைக்கவும் செலவிடுவது பொருத்தமாக இருக்கும் என்று கருதுகிறோம்.

வகுப்பின் இறுதியில் கஹூட் போன்ற சிறு வினாவிடைப் போட்டி நடத்தலாம் என்று உறுப்பினர் சிலர் வலியுறுத்தினர். மாணவர் கணக்குத் திறக்காத வரையில் அது அந்தந்த ஆசிரியரின் விருப்பத்துக்கு விடப்படுகிறது. பிரேரணை திரும்ப வருமானால், செயலியின் தனியுரிமை விதிகளோடும் ஆண்டுச் செலவோடும் எழுத்தில், ஆசிரியர் கூட்டத்துக்கே முதலில் வர வேண்டும். அதுவரை மாணவர் பெயர்ப் பட்டியலை ஆசிரியர் எவரும் எந்த நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டாம்.