விழுங்கப்படும் பிழை

மாறாத பெரிய நிரல் ஒன்றினுள், எளிதில் மாற்றத்தக்க சிறு ஆணைத்தொடர்களைப் படித்து நிறைவேற்றும் பகுதியொன்றை அமைத்துக்கொள்வது இன்று பரவலான வழக்கம். அப்பகுதிக்கு இன்டர்பிரிட்டர் என்றும், ஆணைத்தொடருக்கு ஸ்கிரிப்ட் என்றும் பெயர். 1993-ல் பிரேசில் நாட்டில் தோன்றிய லுவா மொழி இப்பணிக்குப் பெரிதும் உபயோகமாகிறது. மாணவர் கையாளும் மைக்ரோபிட் பலகையிலும், 2021 டிசம்பர் 25-ல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியிலும் ஸ்கிரிப்டுகள் இயங்குகின்றன.

வசதியுடன் அபாயமும் சேர்ந்தே வருகிறது. ஸ்கிரிப்டை எழுதுபவர் பெரிய நிரலை எழுதியவர் அல்லர். எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வரலாம். உணர்கருவி விடையளிக்காமற் போகலாம். அப்போது இன்டர்பிரிட்டர், மேலே செல்ல இயலாது என்னும் அறிவிப்பை எழுப்புகிறது. இதுவே விதிவிலக்கு எனப்படுவது. இதனை ஏற்பவர் யார் என்பதே கேள்வி.

ஒருவரும் ஏற்காவிடில் முழு நிரலும் நின்றுவிடும். 1996 ஜூன் 4-ல் ஏரியான்-5 ராக்கெட்டுக்கு நேர்ந்தது இத்தகையதே. அதில் இன்டர்பிரிட்டர் காரணமன்று. ஆயினும் பாடம் ஒன்றே. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில் அடக்க முயன்றபோது எழுந்த விதிவிலக்கை ஏற்பாரில்லை. திசையறியும் கணிப்பொறியும் அதன் மாற்றுக் கணிப்பொறியும் நின்றன. ராக்கெட் ஏறத்தாழ 40 விநாடிகளில் அழிந்தது. அக்கணக்கோ, புறப்பட்ட பின்னர் எவ்விதப் பயனும் அற்றது.

இதற்கஞ்சிச் சிலர் மறுகோடிக்குச் செல்கின்றனர். எல்லா விதிவிலக்கையும் பிடித்து, ஓசையின்றி விழுங்கிவிடுகின்றனர். இது முன்னதினும் தீயது. மழைமானியின் ஸ்கிரிப்ட் தவறும்போது பதிவேட்டில் 0 எனப் பதிவாவதாகக் கொள்வோம். மழை பெய்யாமையும் மழையை அளக்காமையும் ஒன்றல்ல. நின்றுபோன கருவி விரைவில் கண்ணிற்படும். பொய்யான சுழியமோ ஆண்டுக்கணக்கில் மெய்போல் நிலைத்துவிடும்.

நேரிய வழி இவ்விரண்டிற்கும் இடையிலுள்ளது. லுவாவில் இதற்கெனப் பாதுகாப்பு அழைப்பு உண்டு. அதன்வழி இயங்கிய ஸ்கிரிப்ட் தவறினால், பெரிய நிரல் நிற்பதில்லை. தவறியது என்ற குறிப்பும் பிழைச்செய்தியும் அதனிடம் வந்து சேர்கின்றன. அவற்றை ஸ்கிரிப்டின் பெயர், வரி, நேரம் ஆகியவற்றுடன் குறித்துக்கொண்டு, அளவீடு கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகப் பதிந்து, அடுத்த பணிக்குச் செல்வது பெரிய நிரலின் கடமை. வழிகாட்டும் விண்மீன் அகப்படாவிடில், வெப் தொலைநோக்கி அந்நோக்கலை விடுத்து அடுத்ததற்குச் செல்லும் முறையும் இத்தகையதே. முடிவின்றிச் சுழலும் ஸ்கிரிப்ட் விதிவிலக்கு எதனையும் எழுப்பாதாகையால், அதற்குக் கால வரம்பும் வேண்டும்.

பிழைச்செய்தி பயில்வோரைக் குழப்பும் என்று கூறுவாருண்டு. மைக்ரோபிட் பலகையில் பைத்தான் ஸ்கிரிப்ட் தவறினால், பிழையின் வரி எண் சிறு விளக்குகளில் ஓடிக் காட்டப்படுகிறது. சிறுவரும் அதைப் படித்துத் திருத்திக்கொள்ளலாம். ஆகவே, நிற்காமல் ஓடியது என்பதற்காக மட்டும் மாணவரின் நிரலுக்கு ஆசிரியர் மதிப்பெண் வழங்குதல் தகாது. களப்பணியாளரும் புதிய கருவியைப் பொறுப்பேற்கும் நாளில், ஸ்கிரிப்ட் ஒன்றை வேண்டுமென்றே தவறச் செய்து, பதிவேட்டில் என்ன பதிவாகிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம். அங்கே வெறும் சுழியம் காணப்படின், அக்கருவியை ஏற்றலாகாது.