கிரைண்டரில் ரம்பம் மாட்டாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் மொட்டை மாடியில் பூஜை அலமாரி செய்தபோது எடுத்த படத்தை இங்கே போட்டிருந்தேன். பலருக்கு நினைவிருக்கும். கையில் கிரைண்டர், அதில் மரம் அறுக்கும் பல் பிளேடு, பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்திருந்தேன். "டீச்சர், அசத்திட்டீங்க" என்று எழுதினீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். பெயர் வேண்டாம். இடது கைக் கட்டைவிரலில் ஒன்பது தையல். "அதே பிளேடுதான் டீச்சர். உங்க போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்து வாங்கினேன்" என்றான். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. எத்தனையோ வருடம் கரும்பலகையில் தப்பாக எழுதினால் உடனே அழித்து, "டீச்சர் தப்பு பண்ணிட்டேன், சரி பண்ணிக்கோங்க" என்று சொன்னவள் நான். இதையும் அப்படியே சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில் நான் செய்தது தப்பு.

(கிரைண்டர் என்றதும் மாவு அரைக்கிற கிரைண்டரை நினைக்கும் சித்திகளுக்கு: இது கையில் பிடித்து இரும்புக் கம்பி, டைல்ஸ் வெட்டுகிற சின்ன மெஷின். கட்டட வேலை நடக்கிற இடத்தில் கிர்ர்ரென்று கத்துமே, அது.)

ஏன் தப்பு? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நான்கு அங்குலத் தட்டு என்றால் விட்டம் 100 மில்லிமீட்டர், சுற்றளவு 314 மில்லிமீட்டர். மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. பெருக்கிப் பாருங்கள், பிளேடின் ஓரம் மணிக்கு 207 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வந்தே பாரத் ரயிலின் உச்ச வேகமே 160தான். அந்த வேகத்தில் ஓடுகிற பல்லை, ஒன்றரை இரண்டு கிலோ எடையுள்ள மெஷினில் மாட்டி, நம் இரண்டு கையை நம்பிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இரும்பு வெட்டுகிற தட்டுக்குப் பல் கிடையாது. அது தேய்த்துத் தேய்த்து வெட்டும். மரப் பிளேடுக்குப் பல் உண்டு. மரத்தில் ஒரு முடிச்சு வந்தாலோ, வெட்டுகிற கோடு கொஞ்சம் சாய்ந்தாலோ பல் கடித்துக்கொள்ளும். பிளேடு நின்றாலும் மோட்டார் நிற்காது. மெஷினே எகிறி நம் பக்கம் வரும். "ஐயோ" என்று சொல்லக்கூட நேரம் இருக்காது. நிறைய மெஷின்களில் சுவிட்சைத் தள்ளிவிட்டால் அப்படியே நின்றுவிடும், கையை எடுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். கிரைண்டரோடு வருகிற சிறு புத்தகத்திலேயே பல் பிளேடு மாட்டாதே என்று போட்டிருக்கிறது. நாம்தான் அதைப் பெட்டியோடு பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடுகிறோம். நானும் போட்டேன்.

"ஆசாரிங்க எல்லாரும் இப்படித்தானே செய்யறாங்க?" என்று கேட்பீர்கள். செய்கிறார்கள். மார்பிள் கட்டரில் மரப் பிளேடு மாட்டி, தரையில் உட்கார்ந்து, பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு அறுக்கிறார்கள். அந்தக் கால்பிடி லேசுப்பட்ட வித்தை இல்லை. சின்ன வயதிலிருந்து பழகியது. பலகை அசையப் போவதைப் பாதமே முன்கூட்டிச் சொல்லிவிடும். அப்படிப்பட்டவர்களின் கையையும் அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்த மூன்று பேரில் இரண்டு பேருக்கு ஏதாவது ஒரு விரலின் நுனி இல்லை. ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "இது போன வருஷத் தீபாவளி வேலைம்மா". பண்டிகைக்கு முன் முடித்துக் கொடு என்று அவசரப்படுத்தியது நம்மைப் போல ஒரு வீட்டுக்காரர்தான்.

அவர்களுக்குக் கூலி, காண்டிராக்ட், கெடு எல்லாம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாடியில் ஒரு ஸ்டூல் செய்கிற நமக்கு என்ன அவசரம்? கைரம்பத்தால் அரை மணி நேரம் அறுத்தால் அறுக்கட்டுமே. கீழ்வீட்டுக்காரரும் சண்டைக்கு வரமாட்டார்.

அதனால் என் கட்சி இதுதான்: முதல் பணத்தை மெஷினில் போடாதீர்கள், பிடிப்பில் போடுங்கள். நல்ல கிளாம்ப் நான்கு வாங்குங்கள். மரம் அசையாமல் இருந்தால் பாதி விபத்து கிடையாது. பலகையை ஒரு கையால் பிடித்து இன்னொரு கையால் டிரில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்தது, நீங்களே செய்துகொள்ளக்கூடிய ஒரு சாதனம். ஒரு அடி நீளம், எட்டு அங்குல அகலத்தில் ப்ளைவுட் துண்டு ஒன்று. அதன் ஒரு ஓரத்தில் அடிப்பக்கமாக ஒரு ரீப்பர் கட்டையும், எதிர் ஓரத்தில் மேல்பக்கமாக இன்னொன்றும் ஒட்டி ஸ்குரூ போடுங்கள். அடிக்கட்டை மேஜை விளிம்பில் மாட்டிக்கொள்ளும். மேல்கட்டையில் மரத்தை அணைத்து வைத்து ரம்பத்தைத் தள்ளினால், நீங்கள் தள்ளத் தள்ள மரம் இன்னும் இறுக்கமாக உட்காரும். மேல்கட்டையை ஒரு பக்கம் ஒரு அங்குலம் குறைத்து வையுங்கள், ரம்பம் மேஜையில் படாது. அரை நாள் வேலை. என்னிடம் இருப்பது ஆறு வருடமாக உழைக்கிறது. கால் நான்கும் ஒரே நீளம் வேண்டுமென்றால் நான்கு முறை டேப் பிடிக்க வேண்டாம், இதே பலகையில் வேண்டிய தூரத்தில் ஒரு தடைக்கட்டையைக் கிளாம்ப் போட்டுவிடுங்கள். மேல்கட்டை செங்கோணத்தில் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பக்கம் 15 சென்டிமீட்டர், மறுபக்கம் 20 குறித்து, குறுக்கே 25 வருகிறதா என்று அளந்து பாருங்கள். "பிதாகரஸ் எதுக்கு டீச்சர் வாழ்க்கைக்கு?" என்று கேட்ட எட்டாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு இதோ பதில், முப்பது வருடம் தாமதமாக.

வட்ட ரம்ப மெஷினைத் தலைகீழாக ப்ளைவுட்டில் மாட்டி, கார்டைக் கம்பியால் கட்டிவிட்டு 'டேபிள் சா' என்று சொல்கிற வீடியோக்கள் நிறைய வருகின்றன. தயவுசெய்து வேண்டாம். சரியான டேபிள் சாவில் பிளேடுக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்று நிற்கும். அறுத்த மரம் மறுபடி மூடிப் பிளேடைக் கவ்வாமல் பார்த்துக்கொள்வது அதுதான். அது இல்லாவிட்டால் பிளேடின் பின்பல் பலகையைத் தூக்கி நம் மேலேயே எறியும். அந்த நாட்டிலேயே ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் டேபிள் சாவில் அடிபடுகிறார்கள் என்று அமெரிக்க அரசின் கணக்கு சொல்கிறது. ஸ்டீபன் காஸ் என்பவர், தோல் பட்டதும் ஆயிரத்தில் ஐந்து பங்கு நொடிக்குள் பிளேடை நிறுத்துகிற சாவைக் கண்டுபிடித்தார். 'சாஸ்டாப்' என்று பெயர். உடம்பில் மின்சாரம் கடத்துகிற தன்மையை வைத்து வேலை செய்கிறது. முதலில் சாசேஜை வைத்துச் சோதித்துக் காட்டியவர், பிறகு சொந்த விரலையே வைத்துக் காட்டினார். ஆனால் அதன் விலைக்கு நம் ஊரில் ஒரு நல்ல பைக் வாங்கலாம்.

சில சின்ன விஷயங்கள். சுற்றுகிற மெஷின் பக்கத்தில் கையுறை போடாதீர்கள். பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் துணி சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். முந்தானை, துப்பட்டா, பின்னல், வளையல், மோதிரம் எல்லாவற்றுக்கும் இதே விதி. நான் பழைய சுடிதாரில், கொண்டை போட்டுக்கொண்டுதான் மாடிக்குப் போகிறேன். மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கிற பர்மா தேக்கு நிலை, சட்டங்களை ஆசையாக வாங்குவீர்கள். நல்ல மரம்தான், ஆனால் உள்ளே ஆணி முறிந்து கிடக்கும். அறுப்பதற்கு முன் ஒரு காந்தத்தைத் தடவிப் பாருங்கள்.

மரத்தூளையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே அதைப் புற்றுநோய் வரவழைக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. கொரோனா காலத்து என்-95 முகக்கவசம் எல்லோர் வீட்டு அலமாரியிலும் மிச்சம் இருக்கும், எடுத்துப் போடுங்கள்.

இனி எழுதப் பிடிக்காத பகுதி. விரல் துண்டானால் அதைத் தண்ணீரிலோ ஐஸ்கட்டியிலோ நேரடியாகப் போடக்கூடாது. சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பைக்குள் வைக்க வேண்டும். காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். நம் சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைசிகிச்சைப் பிரிவு நாடறிந்தது, பேராசிரியர் ஆர். வெங்கடசாமி உருவாக்கியது. அடையாறிலிருந்து பழைய வண்ணாரப்பேட்டை தூரம்தான் என்றாலும் அந்தப் பெயரை நினைவில் வைத்திருங்கள்.

என் மாணவனுக்கு விரல் போகவில்லை. ஆனால் நுனியில் உணர்ச்சி இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. போன ஞாயிறு அவனைப் பார்க்கப் போனேன். சட்டைப் பொத்தானை ஒரு கையால் போட்டுப் பழகிக்கொண்டிருந்தான். நான் கொண்டுபோன கைரம்பத்தைப் பார்த்துவிட்டு, "இதுல அறுக்க நாளாகும் டீச்சர்" என்றான். "ஆகட்டும்டா" என்றேன்.

பழைய படத்தை நீக்கவில்லை. நீக்கினால் நான் செய்யவே இல்லை என்பது போல ஆகிவிடும். அதன் கீழே முதல் கமெண்டாக இந்தப் பதிவைப் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்து வேறு யாராவது அந்தப் பிளேடு வாங்கியிருந்தால் இன்றைக்கே கழற்றிவிட்டு, கழற்றியாயிற்று என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். வருகைப்பதிவு எடுப்பது போல ஒவ்வொருவராகப் பார்ப்பேன்.