நாவுக்கு முன் செவி

"உனக்கு நாக்கு வளையாதா?" என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் குரல் நம் வீடுகளிலும் வகுப்பறைகளிலும் அடிக்கடி கேட்கிறது. சொல்வதெழுதலில் 'கிழி' என்று ஆசிரியை சொன்னால் மாணவி 'கிளி' என்று எழுதுகிறாள். 'அழித்தான்' என்பதை 'அளித்தான்' என்று வாசிக்கிறாள். அழிப்பதும் அளிப்பதும் ஒன்றல்ல. ஆகவே திருத்தத்தான் வேண்டும். ஆனால் இந்தத் தவறு பெரும்பாலும் நாவில் தொடங்குவதில்லை, செவியில் தொடங்குகிறது என்பதே எனது கருத்து.

நாம் பேசும் ஒலிகள் நுரையீரலிலிருந்து வரும் காற்றால் பிறக்கின்றன. அக்காற்று தொண்டையிலுள்ள குரல்நாண்களை அதிரச் செய்கிறது. பெண்களின் குரல்நாண்கள் ஒரு செக்கனில் ஏறத்தாழ 200 தடவை அதிர்கின்றன. அவ்வொலியை நாக்கு, பல், உதடு, அண்ணம், மூக்கு ஆகியவை வெவ்வேறு எழுத்தொலிகளாக மாற்றுகின்றன. நுனிநாக்கு மேலே வளைந்து, அண்ணத்தை நெருங்கி, காற்றை நடுவே போக விட்டால் 'ழ'. அண்ணத்தில் நன்றாகப் பட்டு, காற்றைப் பக்கங்களால் போக விட்டால் 'ள'. வேறுபாடு அவ்வளவு சிறியது.

இதை நம் முன்னோர் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தில் எழுத்துகள் பிறக்கும் முறையைச் சொல்லவே 'பிறப்பியல்' என்று ஓர் இயல் உண்டு. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அறிஞர் கலீல் இப்னு அஹ்மத், தமது அறபு அகராதியை அலிபில் தொடங்கவில்லை. தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் 'ஐன்' எழுத்தில் தொடங்கி, உதட்டை நோக்கி எழுத்துகளை வரிசைப்படுத்தினார். மத்ரஸாவில் நாம் பயிலும் மக்ரஜ் பாடமும் ஒலி பிறக்கும் இடத்தைப் பற்றியதே.

ஆனால் இடத்தை அறிந்தால் மட்டும் போதுமா? இரண்டு ஒலிகளும் ஒன்றாகவே கேட்கும் பிள்ளைக்கு, தான் சொன்னது சரியா பிழையா என்பது எப்படித் தெரியும்?

1984இல் கனடாவின் ஆய்வாளர்களான ஜெனட் வேர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நமது 'த', 'ட' போன்ற இரண்டு ஹிந்தி ஒலிகளை, ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் குழந்தைகளுக்குக் கேட்கச் செய்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் அவ்வொலிகளைப் பிரித்தறிந்தார்கள். 10 முதல் 12 மாதமானவர்களில் மிகச் சிலராலேயே அது முடிந்தது. அக்குழந்தைகளின் காது கெட்டுவிடவில்லை. வீட்டு மொழிக்குத் தேவைப்படாத வேறுபாட்டை மூளை கவனிக்காமல் விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

நம் நிலையும் இதுவே. வீட்டுப் பேச்சில் நம்மில் பலர் மழையை 'மள' என்றும் பழத்தை 'பளம்' என்றும் சொல்கிறோம். அது நம் பேச்சுவழக்கு, வெட்கப்பட வேண்டியதல்ல. ஆனால் அதை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்குப் பாடசாலையில் வரும் 'ழ' ஏறக்குறையப் புதிய ஒலி. அறபின் 'ஹா', 'ஹ', 'கா' ஆகிய மூன்றும் முதலில் அவளுக்கு ஒன்றுபோலக் கேட்பதும் இதனால்தான். புதிய ஒலியைக் கேட்கப் பழக்காமல் சொல்லவில்லை என்று ஏசுவது நியாயமா?

மனம் தளர வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் 'ர', 'ல' ஒலிகளைப் பிரித்தறிய ஜப்பானியர் சிரமப்படுவார்கள். வளர்ந்த ஜப்பானியர் சிலருக்கு, அவ்வொலிகளால் மட்டும் வேறுபடும் சொற்களைப் பலரது குரல்களில் கேட்கச் செய்து, சரியா பிழையா என்று உடனுக்குடன் அறிவித்துப் பயிற்சி கொடுத்தார்கள். உச்சரிப்புப் பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. ஆயினும் அவர்களின் உச்சரிப்பும் முன்னேறியதை 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. செவி பழகியதும் நாவும் பின்தொடர்ந்தது.

இதை நம் வகுப்பறையிலும் செய்யலாம். கிளி - கிழி, அளி - அழி, வாளை - வாழை என்ற சோடிகளை ஆசிரியை சொல்லட்டும். எது என்று மாணவிகள் கண்டுபிடிக்கட்டும். விடையை உடனே சொல்லுங்கள். குரல்களை மாற்றுங்கள். வீட்டில் உம்மாவோ வாப்பாவோ ராத்தாவோ நாளுக்குப் பத்து நிமிடம் நிதானமாக வாசித்துக் காட்டலாம். கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். 2003இல் பட்ரிசியா குல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகள் சீனமொழி ஒலிகளை நேரில் பேசியவரிடமிருந்து கற்றார்கள். அதே பேச்சைத் திரையில் பார்த்தவர்கள் கற்கவில்லை.

எவ்வளவு பழக்கியும் பல ஒலிகளைப் பிள்ளை தவறாகவே கேட்டால், காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டிச் செவிப்புலனைப் பரிசோதியுங்கள். ஏளனத்துக்கு ஆளான பிள்ளை காலப்போக்கில் உரத்து வாசிக்கவே அஞ்சுவாள். பிழையாக உச்சரிக்கும் மாணவியைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன், அந்த ஒலியை அவள் போதிய அளவு கேட்டிருக்கிறாளா என்று ஒருமுறை யோசிப்போம்.