எரிகிற பல்பெல்லாம் நல்ல பல்பு ஆகாது

“எரியுதுல்ல? விடு, போனா மாத்திக்கலாம்.” படப்பிடிப்புத் தளத்தில் பெரிய விளக்குகளின் பல்பைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் கிடைக்கிற பதில் இதுதான். விளக்கை வாடகைக்கு அனுப்புகிறவரும் இதைத்தான் சொல்கிறார், வாடகை கொடுக்கிற தயாரிப்பு நிர்வாகியும் இதைத்தான் நம்புகிறார். இந்த நம்பிக்கை சினிமாவில் பிறந்ததில்லை, நம் வீட்டிலிருந்து வந்தது. கூடத்தில் தொங்கிய 40 வாட் குண்டு பல்பு எரிந்துகொண்டே இருக்கும். ஒருநாள் ‘டப்’பென்று இழை அறுந்து அணைந்துவிடும். நாற்காலி போட்டு ஏறி வேறொன்றை மாட்டுவோம். எரியும்வரை நல்லது, அணைந்தால் கெட்டது என்று இரண்டே நிலைதான் அந்தப் பல்புக்கு. மூன்று தலைமுறையாகப் பழகிய அந்தக் கணக்கை அப்படியே கொண்டுபோய் 12 கிலோவாட், 18 கிலோவாட் ஹெச்.எம்.ஐ. விளக்குக்குப் பொருத்துவதுதான் தவறு. இந்தப் பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே கெட்டுப்போகிறது. கெட்டுப்போனதை அது அணைந்து காட்டுவதில்லை. சில சமயம் வெடித்துத்தான் காட்டுகிறது.

ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனம் 1960களின் இறுதியில் உருவாக்கிய பல்பு இது. பகல் வெளிச்சத்தின் நிறத்தில், டங்ஸ்டன் பல்பைவிட வாட்டுக்கு மூன்று நான்கு மடங்கு ஒளி தருவதால் உலகமெங்கும் சினிமா இதைத் தழுவிக்கொண்டது. ஜன்னல் வழியாக வெயில் விழவேண்டுமா, மரக்கிளை நடுவே நிலா இறங்கவேண்டுமா, இன்றும் ஒரு 18கே ஏற்றுவதுதான் வழக்கம். இதற்குள் இழை கிடையாது. இரண்டு டங்ஸ்டன் முனைகளுக்கு இடையே, பாதரச ஆவியும் உலோக அயோடைடுகளும் நிறைந்த குவார்ட்ஸ் குமிழுக்குள், மின்வில் எரிகிறது. பெயரின் முதல் எழுத்தே பாதரசத்தைத்தான் குறிக்கிறது. குளிர்ந்து கிடக்கும்போது சாதுவாக இருக்கும் இந்தக் குமிழ், முழுச் சூட்டில் எரியும்போது வெளிக்காற்றைவிடப் பத்து மடங்குக்கும் மேலான அழுத்தத்தை உள்ளே அடக்கிக்கொண்டிருக்கிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று அதில் கால்வாசிகூட வராது. குமிழின் சுவர்ச் சூடோ 900 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். அவ்வளவு சூட்டையும் அழுத்தத்தையும் தாங்குவது சில மில்லிமீட்டர் கனமுள்ள குவார்ட்ஸ் மட்டுமே. ஆகவே இந்தப் பல்பு எரிகிறதா என்று கேட்பதைவிட, அந்தச் சுவர் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று கேட்பதே முறை.

அந்தச் சுவர் நாளாக நாளாகத் தளர்கிறது. நன்றாக ஓடிய பல்பு ஒன்றை முழுதும் ஆறியபின் கழற்றி, மெல்லிய பருத்திக் கையுறையோடு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் இதைக் கண்ணாலேயே காணலாம். புதிதில் நீர்போலத் தெளிந்திருந்த குமிழில், தயிர்த் துளி காய்ந்ததுபோல வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் படர்ந்திருக்கும். வேறிடத்தில் சாம்பல் பூசியதுபோலக் கருத்திருக்கும். அது முனைகளிலிருந்து ஆவியான டங்ஸ்டன். வெள்ளைத் திட்டைத் துடைத்தால் போகாது. குமிழின் குவார்ட்ஸ் உருக்கி உறையவைத்த கண்ணாடி. மிகுந்த சூட்டில் நெடுநேரம் இருந்தால் அதன் அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படிகமாக மாறத் தொடங்கும். சோடியம் பட்ட இடத்தில் அந்த மாற்றம் இன்னும் விரைவாக நடக்கும். வியர்த்த விரலில் இருப்பது உப்பு, உப்பில் இருப்பது சோடியம். வெறுங்கையால் பல்பைத் தொடாதே, தொட்டுவிட்டால் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஏற்று என்ற விதியின் காரணம் இதுதான். அது வெறும் சம்பிரதாயம் என்று கையுறையை ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் விட்ட விரல்ரேகையே சில பத்து மணி நேரம் கழித்து வெள்ளைத் தடமாக அங்கே எழுந்து நிற்கும். படிகமான அந்தப் பகுதி, பல்பு ஆறும்போது சுமார் 250 டிகிரியைக் கடக்கையில் சட்டென்று சுருங்குகிறது. பக்கத்தில் இருக்கும் கண்ணாடி அப்படிச் சுருங்குவதில்லை. இரண்டுக்கும் நடுவே நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. அடுத்த ஷாட்டுக்கு விளக்கை ஏற்றும்போது முழு அழுத்தத்தையும் தாங்குவது அந்தக் கீறல் விழுந்த சுவர்தான். அப்போதும் பல்பு ஒழுங்காகவே எரியும், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

பல்பைச் செய்கிறவர்களுக்கு இது தெரியும் என்பதால்தான் ஆயுளை மணிக்கணக்கில் குறிக்கிறார்கள். 1.2 கிலோவாட் பல்புக்கு ஏறத்தாழ 1000 மணி, 4 கிலோவாட்டுக்கு 500, 18 கிலோவாட்டுக்கு 300 மணி அளவு. பல்பு பெரிதாகப் பெரிதாக ஆயுள் குறைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய விளக்கு என்றால் நீண்டநாள் உழைக்கும் என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிறது. குறித்த ஆயுளுக்கு மேல் கால் பங்கு ஓடிவிட்டால் எரிகிற பல்பையும் கழற்றிவிட வேண்டும் என்று பல்பு தயாரிக்கும் நிறுவனங்களின் கையேடுகள் வழக்கமாகவே எச்சரிக்கின்றன. இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அந்த எண் சராசரிதானே, பாதிப் பல்புகள் அதைத் தாண்டியும் ஓடும் என்றுதானே பொருள், ஓடக்கூடியதை ஏன் தூக்கி எறிய வேண்டும் என்பார்கள். சராசரி என்பது உண்மைதான். ஆனால் அதே சராசரிக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது: மற்ற பாதி அந்த மணிக்குள்ளாகவே முடிந்துபோகும். அதுவும் ஆய்வகத்தில், சீரான மின்சாரத்தில், அளவாக ஏற்றி அணைத்துப் பார்த்த கணக்கு. ஜெனரேட்டர் மின்சாரமும், லாரியில் குலுங்கி வரும் பயணமும், ஒரு நாளில் இருபது முறை ஏற்றி அணைப்பதும், சூடு தணியும் முன்பே மறுபடி பற்றவைப்பதும் அந்த ஆய்வகத்தில் இல்லை. ஒவ்வொரு பற்றவைப்பும் முனைகளைக் கொஞ்சம் தின்கிறது. சூடான பல்பைப் பற்றவைக்கப் பல்லாயிரக்கணக்கான வோல்ட் பாய வேண்டியிருக்கிறது. நம் தளங்களில் ஓடும் பல்புக்கு 300 மணி என்பதையே தாராளமான கணக்காகத்தான் கொள்ள வேண்டும்.

உயிர் ஆபத்தை ஒரு கணம் ஒதுக்கிவைத்து, படத்துக்காக மட்டும் பார்த்தாலும் இந்த நம்பிக்கை நிற்காது. முனைகள் தேயத் தேய மின்வில்லின் இடைவெளி அகலும், வோல்டேஜ் ஏறும், நிற வெப்பநிலை இறங்கும், அதாவது ஒளி மஞ்சள் பக்கம் சாயும். மணிக்கு ஒரு கெல்வின் அளவுக்கு இறங்கும் என்பது தொழிலில் பழகிய கணக்கு. புதுப் பல்பு ஒன்றும் 400 மணி ஓடியது ஒன்றும் ஒரே காட்சியில் பக்கத்துப் பக்கத்து ஜன்னல்களில் நின்றால், ஒரு ஜன்னலில் காலையும் மறு ஜன்னலில் மாலையும் விழும். அதைச் சரிக்கட்ட ஜெலட்டின் ஒட்ட வேண்டும், அதுவும் போதாதென்று வண்ணச் சீரமைப்பு மேசையில் ஷாட் ஷாட்டாக இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒளியின் அளவும் குறைந்திருக்கும். ஆனால் ஜெனரேட்டர் எரிக்கும் டீசல் மட்டும் குறைவதில்லை.

“இத்தனை வருஷமா ஓட்டுறோம், ஒண்ணும் ஆகலையே” என்பது அடுத்த வாதம். உண்மையில் பலமுறை ஆகியிருக்கும். அது வெளியே வராததற்குக் காரணம் விளக்கின் கூடும் முன்னாலிருக்கும் லென்ஸும்தான். பல்பு வெடித்தாலும் சில்லுகளை உள்ளேயே அடக்கிவைக்கத்தான் அவை செய்யப்பட்டிருக்கின்றன. குவார்ட்ஸ் வழியாகத் தாராளமாக வெளியேறும் புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் அந்த லென்ஸின் கண்ணாடிதான். எனவேதான் மூடி திறந்தால் விளக்கு தானாக அணையும்படி உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். ‘எரிகிறதா, விடு’ என்ற மனநிலை பல்போடு நிற்பதில்லை. ஓரம் விண்ட லென்ஸையும் அதே மனநிலைதான் விட்டுவைக்கிறது. தொல்லை கொடுக்கும் அந்தச் சுவிட்சை டேப் சுற்றி அமுக்கிவைப்பதும் அதே மனநிலைதான். மழைக் காட்சியில் கொதிக்கிற லென்ஸ்மேல் குளிர்ந்த நீர் தெறித்தால் அது விண்டுபோகும் என்று தெரிந்தும் மறைப்புக் கட்டாமல் ஏற்றவைப்பதும் அதுவே. பழைய பல்பு, விண்ட லென்ஸ், கட்டிப்போட்ட சுவிட்ச் மூன்றும் ஒரே விளக்கில் ஒரே இரவில் சேரும்போது, இத்தனை வருடம் ஒன்றும் ஆகாமல் காத்த தடுப்பு எதுவும் மிச்சமிருக்காது. வெடிக்காவிட்டாலும் தீங்கு உண்டு. விண்ட லென்ஸ் வழியாகக் கசியும் கதிர் அந்த நேரத்தில் உறுத்தாது. ஆறேழு மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு, கண்ணில் மணல் கொட்டியதுபோல எரியும், முகத்தோல் சிவந்து உரியும். அதைத் தூக்கமின்மை என்றும் தூசி என்றும் சொல்லிக் கடந்துபோவதால், ஒண்ணும் ஆகலை என்ற கணக்கில் அதுவும் சேர்ந்துவிடுகிறது.

விலைதான் உண்மையான தடை, அதை ஒப்புக்கொள்கிறேன். பெரிய ஹெச்.எம்.ஐ. பல்பு சிறு யூனிட் ஒன்றை உலுக்கக்கூடிய செலவு. ஆனால் கணக்கை முழுதாகப் போடவேண்டும். ஒரு பல்பு ஒன்றரை லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 300 மணிக்கு வகுத்தால் மணிக்கு 500 ரூபாய். கெடு தாண்டி இன்னும் நூறு மணி ஓட்டினால் மிச்சமாவது 50,000 ரூபாய். நடுவில் பல்பு வெடித்தால் பிரதிபலிப்பான் போகும், லென்ஸ் போகலாம், பற்றவைக்கும் பகுதி போகலாம். பாதரச ஆவி பரவியதால் தளத்தைக் காலிசெய்து, கதவைத் திறந்துவைத்துக் குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். நூறு பேர் நிற்கும் ஒரு கால்ஷீட்டின் அரை மணிக்கு என்ன விலை என்று தயாரிப்பு நிர்வாகிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாடகையில் மணிக்கு 500 ரூபாயை வெளிப்படையாகப் பல்புக் கணக்கில் சேர்ப்பது இதைவிட நேர்மையான வழி. இப்போது நடப்பது என்னவென்றால், அந்த 500 ரூபாயை விளக்குக்கு அடியில் நிற்கிற லைட்மேனின் கண்ணிலிருந்தும் தோலிலிருந்தும் பிடித்துக்கொள்கிறோம். பல்பை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் ஒருவர், ஸ்டாண்டில் ஏறி விளக்கைத் திருப்புகிறவர் இன்னொருவர் என்பதுதான் இந்த நம்பிக்கையை இவ்வளவு காலம் வாழவைத்திருக்கிறது. 2023இல் ஏ.ஆர். ரஹ்மான் லைட்மேன்களுக்கு நிதி திரட்டவென்றே சென்னையில் இசை நிகழ்ச்சி நடத்தினார். நல்ல காரியம்தான். விபத்துக்குப் பின் கொடுக்க மனம் இருக்கிற தொழில், விபத்துக்கு முன் ஒரு பல்பை மாற்றவும் மனம் வைக்க வேண்டும்.

அனுபவசாலியின் கண் போதும், அவர் பார்த்தாலே சொல்லிவிடுவார் என்றும் ஒரு வாதம் வரும். அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பற்றத் தாமதிக்கும் பல்பையும், ஓயாமல் துடிக்கும் மின்வில்லையும், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பேலஸ்ட்டின் இரைச்சல் மாறுவதையும் பழகியவர் உடனே பிடித்துவிடுவார். ஆனால் எரிகிற பல்பை எந்த அனுபவசாலியாலும் நேராகப் பார்க்க முடியாது. மெல்ல மெல்ல மாறும் நிறத்துக்குக் கண் தானே பழகிக்கொள்ளும். கீறலும் வெள்ளைத் திட்டும் ஆறிய பல்பில்தான் தெரியும், ஆறிய பல்பை எடுத்துப் பார்க்க நம் கால்ஷீட்டில் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. அந்த அனுபவத்தை மதிக்கிறோம் என்றால் அதற்கு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பத்து நிமிட நேரத்தையும், ‘இது வேண்டாம்’ என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் கழற்றிவைக்கும் அதிகாரத்தையும் கொடுக்க வேண்டும். மூன்றையும் மறுத்துவிட்டு அவர் கண்ணை நம்புகிறோம் என்று சொல்வது, பொறுப்பை அவர் தலையில் கட்டுவதாகத்தான் முடியும்.

எல்.இ.டி. வந்துவிட்டதே, இனி இந்தப் பேச்சு எதற்கு என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. உட்புறக் காட்சிகளில் எல்.இ.டி. பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது, உண்மை. ஆனால் வசதியுள்ளவர்கள் புதியதற்கு மாறும்போது பழைய ஹெச்.எம்.ஐ. விளக்குகள் மறைந்துவிடுவதில்லை. குறைந்த விலைக்குக் கைமாறி, சிறிய படங்களுக்கும் குறும்படங்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் போகும். கைமாறும்போது விளக்கு மட்டும்தான் போகும். பல்பு எத்தனை மணி ஓடியது என்ற கணக்கு கூடப் போகாது. ஆகவே ஆபத்து குறையும் காலம் இது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தீர்ந்த பல்பைக் குப்பைத் தொட்டியில் வீசுவதும் அதே அலட்சியத்தின் கடைசிக் கட்டம். பாதரசம் உள்ள விளக்குகள் 2016ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளிலேயே சேர்க்கப்பட்டுவிட்டன. அவற்றை முறைப்படி சேகரிப்பவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

யூனிட் வைத்திருப்பவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு விளக்கின் முதுகிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். பல்பு மாட்டிய தேதியை எழுதுங்கள், பேக்கப் சொன்னதும் அன்று ஓடிய மணியைக் கூட்டி எழுதுங்கள். வாடகைக்கு எடுக்கிறவர்கள் வண்டியிலிருந்து விளக்கு இறங்கியதும் முதலில் அந்தச் சீட்டைக் கேளுங்கள். அதில் கெடு தாண்டியிருந்தால், பல்பு எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும், திருப்பி அனுப்புங்கள்.