கருப்பு நகமும் காரைக்கால் அம்மையாரும்

போன கார்த்திகை தீபத்துக்குப் பெங்களூரிலிருந்து பேத்தி வந்திருந்தாள். வயது பத்தொன்பது. தலையிலிருந்து கால் வரை கருப்பு. நகத்தில் கருப்புச் சாயம், கண்ணைச் சுற்றித் தடித்த மை, விரலில் மண்டையோடு மோதிரம். எங்கள் அடி அண்ணாமலை வீட்டுத் திண்ணையில் அவள் உட்கார்ந்திருக்க, கிரிவலம் போகிற கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. "நல்ல நாளும் அதுவுமா, வேற துணி மாத்திக்கோ பாப்பா" என்றேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனவள், மாற்றவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. தீபம் ஏற்றும்போது எல்லோரும் மாடியில் நின்றோம். அவள் மட்டும் வரவில்லை.

மறுநாள் அவளே சொன்னாள். இதற்குப் பெயர் 'கோத்'தாம். 1970களின் கடைசியில் இங்கிலாந்தில், பாஹவுஸ் போன்ற இசைக்குழுக்களைச் சுற்றி வளர்ந்தது. கூடவே 'இண்டஸ்ட்ரியல்' என்று ஒரு இசை, தொழிற்சாலைச் சத்தம் போல. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில் 1992 முதல் வருஷா வருஷம் விழா நடக்கிறது. சுமார் இருபதாயிரம் பேர் கருப்பில் கூடுகிறார்கள். அதில் நம் போல் நரைத்தவர்களும் உண்டாம். அவள் ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். ரைஸ் மில்லுக்குள் யாரோ அழுவது போல இருந்தது. பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு நான் சொன்னது சரியா என்று யோசித்தால், இல்லை என்றுதான் படுகிறது.

கருப்பு ஆகாது என்கிறோம். அதே கார்த்திகை மாசம் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் கருப்பு வேட்டியோடு நம் தெருவில் போகிறார்கள், "சாமி" என்று வழிவிடுகிறோம். மண்டையோடு அபசகுனம் என்கிறோம். பிட்சாடனர் கையில் இருப்பது என்ன? காரைக்கால் அம்மையார் அழகிய உருவம் வேண்டாம், பேயுருவம் கொடு என்று கேட்டு வாங்கியவர். திருவாலங்காட்டுச் சுடுகாட்டு ஆட்டத்தைப் பாடியவர். எலும்பும் தோலுமான அந்த அம்மாவை அறுபத்து மூவரில் வைத்துக் கும்பிடுகிறோம். என் பேத்தி மோதிரம்தான் போட்டிருந்தாள்.

உடையில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடவும் முடியாது. 1946-ல் மதுரையில் பெரியாரின் கருப்புச் சட்டை மாநாட்டுப் பந்தலைக் கொளுத்தினார்கள். அங்கே கொள்கைச் சண்டை இருந்தது என்றாவது சொல்லலாம். 2007 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பேக்கப் என்ற சிற்றூரில் சோஃபி லங்காஸ்டர் என்ற இருபது வயதுப் பெண்ணும் அவள் காதலனும் பூங்கா வழியே வந்தார்கள். இருவரும் கோத் உடை. சில பையன்கள் அவனை அடித்துக் கீழே தள்ளினார்கள். அவன் தலையை மடியில் தாங்கி உட்கார்ந்த அவளையும் உதைத்தார்கள். பதின்மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இறந்து போனாள். அவர்கள் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை. 2013-ல்தான் மான்செஸ்டர் போலீஸ் இப்படிப்பட்ட தாக்குதலையும் வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்ய ஆரம்பித்தது.

அந்தப் பையன்களுக்கும் எனக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் தெருவில் முறைத்தவர்களோடு சேர்ந்து வீட்டுக்குள்ளிருந்து நானும் முறைத்தேனே, அது உறுத்துகிறது. ஊர் பார்த்தால் பார்க்கட்டும் என்று அவள் பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். நம் வயசுக்காரர்களால் அதைச் செய்ய முடியும். நம்மை யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள்.

இந்த வருஷம் தீபத்துக்கு வருவாளா என்று மகளிடம் கேட்டேன். "நீங்களே கேளுங்கப்பா" என்றாள். ஆருத்ரா தரிசனத்துக்குப் பிறகு கோயிலில் கொடுத்த தீப மை ஒரு பொட்டலம் அலமாரியில் இருக்கிறது. அவளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். நல்ல கருப்பு.