கழுநீர் கற்பித்த பாடம்

1757-ஆம் ஆண்டு, வட அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த லூயிஸ்பர்க் கோட்டையின்மேல் படையெடுத்துச் சென்ற கப்பற்கூட்டத்தோடு பிரயாணம் செய்துகொண்டிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின், மற்றக் கப்பல்களின் பின்தடமெல்லாம் காற்றில் அலைபாய, இரண்டு கப்பல்களின் பின்தடம் மட்டும் வழவழவென்றிருப்பதைக் கண்டு அதிசயித்துக் காரணம் வினவியபோது, சமையற்காரர்கள் எண்ணெய்ப் பிசுக்குள்ள கழுநீரைக் கொட்டியிருப்பார்கள் என்று, உலகமறிந்த விஷயத்தை அறியாதவருக்குச் சொல்வதுபோல் சற்று அலட்சியமாகவே மாலுமித் தலைவர் பதிலளித்தார். அந்த அலட்சியத்தைப் பொருட்படுத்தாமல் விடையை மட்டும் மனத்தில் முடிந்துவைத்துக்கொண்டதே பிராங்க்ளினின் பெருமை.

பின்னொரு நாள் லண்டனில், கிளாப்பம் மைதானத்துக் குளத்தில் காற்று சிற்றலைகளை எழுப்பிக்கொண்டிருந்தபோது, அவர் எண்ணெயை முதலில் காற்று போய்ச் சேரும், அலை பெரிதாயிருந்த கரையில் ஊற்ற, காற்று அதைக் கரைக்கே திருப்பித் தள்ளிவிட்டது. பிறகு காற்று வரும் கரைக்குச் சென்று, அலை பிறக்கும் இடத்திலேயே ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை விட்டார்; அது கண்ணெதிரே பரவிப் பரவி, ஏறத்தாழ அரை ஏக்கர் நீர்ப்பரப்பைக் கண்ணாடியாக்கிவிட்டது. ஒரு மில்லிமீட்டரைச் சில லட்சம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறுதான் அந்தப் படலத்தின் கனம்.

இவ்வளவு சன்னமான படலம் தன் பாரத்தால் அலையை அமுக்குவதில்லை. சிற்றலை ஓடும்போது நீரின் மேற்பரப்பு ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் போகிறது. விரிந்த இடத்தில் படலம் ஐதாகிப் பரப்பு இழுவிசை மிகுகிறது, சுருங்கிய இடத்தில் அது குறைகிறது. இந்த ஏற்றத்தாழ்வு மேற்பரப்பின் அசைவைத் தடுத்துப் பிடிக்க, அடுத்துள்ள நீர் அதன்மேல் உராய்ந்து தன் சக்தியை இழக்கிறது. கடலின் பேரலைகள் இதற்கு மசிவதில்லை. 1773-இல் போர்ட்ஸ்மத் கடற்கரையில் பிராங்க்ளின் எண்ணெய் விட்டுப் பார்த்தபோதும் கரையில் மோதிய அலை தணியவில்லை.

ஒரு நூற்றாண்டு கழித்து, இதே கழுநீர் வேறொருவருக்கும் பாடம் சொல்லிற்று. பெண் என்பதால் சர்வகலாசாலைக் கதவு அடைக்கப்பட்டிருந்த ஜெர்மானிய மங்கை ஆக்னஸ் பாக்கெல்ஸ், வீட்டில் பாத்திரம் கழுவும் நீரின் மேற்பரப்பைக் கூர்ந்து நோக்கி, தகரத் தொட்டி ஒன்றில் விளிம்புவரை நீர் நிரப்பி, குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்து நகர்த்தி, படலம் நெருங்க நெருங்க இழுவிசை எவ்வாறு மாறுகிறதென்று அளந்தார். 1891-இல் இதைப் பற்றி அவர் எழுதிய கடிதத்தைப் பெற்ற ஆங்கில விஞ்ஞானி ராலே பிரபு, பொறாமை சிறிதுமின்றி அதை 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவரச் செய்தார். ஆக்னஸ் அமைத்த தொட்டியைச் செப்பனிட்டுக்கொண்டு ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி லாங்மியூர் 1932-இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் பள்ளிகளிலோ, விஞ்ஞானமென்றால் பூட்டிய அறையிலுள்ள கண்ணாடிக் குழாய்களே என்ற பிரமை இன்னும் தீரவில்லை. கொழுப்பேறிய சட்டியை அன்றாடம் தேய்க்கிற கை, நீரின்மேல் எண்ணெய் வட்டம் விரிவதையும், ஒரு துளி சோப்பு நுரை பட்டதும் அது சட்டென்று விலகியோடுவதையும் ஆயிரம் முறை கண்டிருக்கும். அந்தக் கைக்குரியவரிடம் என்ன கண்டீர் என்று எந்த ஆசிரியரும் கேட்பதில்லை, வீட்டில் கேட்டு வா என்று மாணவனை அனுப்புவதுமில்லை. மாலுமியிடம் கேட்க பிராங்க்ளினும், முகமறியாத பெண்ணின் கடிதத்தைப் படிக்க ராலேயும் கூசவில்லை. அவர்களுக்கில்லாத கூச்சம் நமக்கெதற்கு?